இஸ்திரி வாசம் விற்ற தையல்கடை

1. மாடியில் இருந்தவர்கள்

அன்று பினாங்கு ஸ்ட்ரீட் கடையின் மேல்மாடியில் இருந்தவர்கள் ஒன்பது பேர். முதலாளி பிலோமின் அம்மாள். அவரை நாங்கள் மேடம் என்போம். துணி வெட்டுகிற கட்டர் மாணிக்கம் அண்ணன். மெஷினில் உட்காரும் பெண்கள் மூன்று பேர். அத்தர் வியாபாரி சேக்காதி நானா. அரிசி ஆலைச் சீன முதலாளியான தவ்க்கேயின் மனைவி. மலாய்ப் பேச்சும் உடுப்பும் பழகிய சீன நியோன்யா வீட்டுப் பெரிய மனுஷி என்பதால் ஊர் வழக்கப்படி அவரைப் பீபிக் என்று கூப்பிடுவோம். அவருடைய மகள் கிம், கல்யாணப் பெண். ஒன்பதாவது நான், அந்தோணியம்மாள், கைத்தையல்காரி.

கிடங்கும் வட்டிக்கடையுமான செட்டியார் கிட்டங்கியில் கணக்குப் பார்க்கிற அடுத்தாளை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்பது எனக்கு இன்றும் தீரவில்லை. வட்டி கேட்டு வந்தவர், மேலே பெண்கள் கூட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மாடிப்படியின் பாதியிலேயே நின்றுவிட்டார். உடம்பு படியில் இருந்தது, மூக்கு மாடியில் இருந்தது.

ஆட்களை இப்படிக் கறாராக எழுதக் காரணம் உண்டு. அன்று நடந்ததைப் பற்றிப் பின்னால் ஊரில் பேசாதவர்கள் இல்லை. எல்லோரும் தாங்கள் நேரில் பார்த்ததாகத்தான் பேசினார்கள். இப்போது தையல் படிக்க வருகிற பெண்களும், "அந்த வாசனைக் கவுன் கதை நெசமா ஆண்ட்டி?" என்று கேட்கிறார்கள். நிஜம்தான். ஆனால் கதையில் சொல்கிறமாதிரி அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. ரோஜா வேண்டாம்

மேடம் காரைக்காலில் கன்னியாஸ்திரிகளிடம் வெட்டும் தையலும் படித்தவர். கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்கு வந்தார். கிராணி சீக்கிரமே காலமாகிவிட்டார். மற்றக் கடைகளில் சீமைப் படப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். மேடம் புத்தகத்தைத் தொடமாட்டார். துணி கொண்டு வந்தவளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கச் சொல்லுவார். அவள் நடந்து முடிப்பதற்குள் ப்ரவுன் பேப்பரில் கவுன் வரைந்திருக்கும்.

ரப்பர் விலை விழுந்ததும் எங்கள் வேலையும் விழுந்தது. எஸ்டேட் துரைசானிகள் புதுக் கவுன் கேட்பதை நிறுத்திவிட்டு, பழையதைப் பிரித்துத் தைத்துத் தரச் சொன்னார்கள். மேடம் நான்கு மெஷின்களையும் ஈடு காட்டிக் கிட்டங்கியில் முந்நூறு மலாயா வெள்ளி கடன் வாங்கினார். தைப்பூசத்துக்குள் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் மெஷின் போகும். மெஷின் போனால் கடை போகும்.

கடை போனால் எனக்கு என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சிகள் இரண்டு பேர் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துறைமுகத்தில் அடிபட்டுப் போனபோது, யாராவது ஒருவர் படிப்பை விட வேண்டியிருந்தது. நான் மூத்தவள், விட்டேன். என் சம்பளம் நின்றால் அவர்களும் பாதியில் நிற்பார்கள். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

பயம் எனக்குப் பிறவிக் குணம். கத்தரிக்கோல் கீழே விழுந்தால் நுனி முறிந்ததா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். யார் கால் விரல் போயிருக்கும் என்று நான் பார்ப்பேன். மாணிக்கம் அண்ணன் அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரியில் வருவார். கொஞ்சம் தாமதமானாலும் நான் ஜன்னலில் நின்று கடல் பக்கம் பார்ப்பேன். அவர் உள்ளே வந்ததும், "முங்கலம்மா, உயிரோடதான் வந்திருக்கேன். நீ வச்ச ஒப்பாரிய நாளைக்கு எடுத்து வச்சுக்க" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு துரைசானி, அப்போதுதான் இஸ்திரி போட்டு முடித்த தன் கவுனை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். உடுத்தினால் இந்த வாசம் போய்விடுமே என்று வருத்தப்பட்டார். அவர் படியிறங்கிப் போன பிறகும் மேடம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து சேக்காதி நானாவை வரவழைத்தார். நானா நாகூர்க்காரர், மேடம் காரைக்கால். இரண்டு ஊருக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால் பேச்சில் உரிமை அதிகம்.

"நானா, ஒரு செண்டு பண்ணணும். ரோஜா வேண்டாம், மல்லிகை வேண்டாம்."

"தாழம்பூ ஈக்கிது, மரிக்கொழுந்து ஈக்கிது. எது வேணும் தங்கச்சி?"

"இஸ்திரி வாசம் வேணும்."

நானா தன் காது மடிப்பில் செருகியிருந்த அத்தர்ப் பஞ்சை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்து, திரும்பவும் செருகிக்கொண்டார். அப்புறம் மாணிக்கம் அண்ணன் பக்கம் திரும்பி, "புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கேட்டுச்சு நானா. காய்ச்சல் எங்களுக்குத்தான் வரப்போவுது" என்றார் அண்ணன்.

மேடம் சிரிக்கவில்லை. "ரோஜாவும் யூடிகோலனும் எல்லாக் கடையிலயும் இருக்கு. அவங்களோட நான் எதுக்குப் போட்டி போடணும்? ஈரத் துணி மேல சூட்டுப் பெட்டி வச்சா ஒரு வாசம் வருதே, அது இந்த ஊர்ல யாருகிட்ட இருக்கு? என்கிட்டத்தான் இருக்கு. உங்களால ஆகாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாக்குறேன்."

ஆகாது என்ற வார்த்தை நானாவைக் குத்தியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் செய்த விதம் இதுதான். அரிசிக் கஞ்சியைத் தகரத் தட்டில் ஊற்றி விளிம்பு கருகும்வரை காயவிட்டு, அந்தப் பொருக்கை எடுத்துச் சந்தன எண்ணெயில் ஊறவைத்தார். வெட்டிவேர் கொஞ்சம், கற்பூரம் பேருக்கு. அதற்கு இஸ்திரி என்றே பெயர் வைத்தோம். இன்னொன்றும் செய்தார். பட்டுச் சால்வைப் பெட்டியில் பூச்சி அண்டாமல் இருக்கப் போடுகிற நிலாம் இலை, கிராம்பு, ஜாதிபத்திரி, புதுச் சாக்குத்துணி ஒரு துண்டு. அது வெல்ட் கீ துறைமுகத்துச் சரக்குக் கிடங்குக்குள் நுழைந்தமாதிரியே இருக்கும். அதற்குப் பெயர் கிடங்கு.

ஒவ்வொரு கலவையையும் வெட்டித் தள்ளிய பட்டுத் துண்டில் ஒரு சொட்டு விட்டு, சுவர்ப் பலகையில் ஊசி குத்தி வைத்தோம். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், வேலை விடும்போது ஒருதரம் எல்லோரும் வரிசையாக வந்து மோந்து பார்ப்போம். நாள் ஆக ஆக வாசம் நன்றாகப் பழுத்தது. கடைசியில் இஸ்திரித் துண்டை மோந்தால் கையைச் சுட்டுக்கொள்வோமோ என்று எனக்குத் தோன்றும். அப்படி இருந்தது.

நானா எப்படிப் பார்த்தார் என்றால், பஞ்சில் தொட்டுக் காதில் செருகிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். "நாலு நாளாச்சு, இன்னும் பேசிக்கிட்டே ஈக்கிது" என்பார்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கையில் எண்ணெய் ஆகாது, தலையில் பூ ஆகாது, உடம்பில் பவுடர், செண்டு எதுவும் ஆகாது. பட்டில் கறை பட்டால் யாருடைய சம்பளமும் அதற்கு ஈடாகாது. மேடம் உட்பட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொடுவோம். நல்ல சட்டம். அந்தச் சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது.

3. பீபிக்கின் கழுத்து

முதல் புட்டிகள் நிரம்பியதும் மேடம் கூப்பிட்டது பீபிக்கைத்தான். கிம்மின் கல்யாணக் கவுனும் தோழிப் பெண்கள் நாலு பேர் ஃப்ராக்கும் எங்களிடம் வந்திருந்தன. வெள்ளைச் சாட்டினை பீபிக்கே ஹாங்காங்கிலிருந்து வரவழைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஒரு ஆர்டரின் கூலி வந்தால் கிட்டங்கிக் கடன் பெரும்பாலும் அடையும். செண்டு விற்றால் மிச்சமும் அடையும். மேடத்தின் கணக்கு அது.

பீபிக் மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைகளில் பேரம் பேசிப் பழகியவர். பாதி மலாய், பாதி தமிழ். புட்டியை மோந்ததும் புருவம் உயர்ந்தது.

"இது என்னா? தோபி வீடா?"

"எங்க கடை வாசம் பீபிக். வேற எங்கேயும் கிடைக்காது."

வேறு எங்கும் கிடைக்காது என்றால் பீபிக்குக் கட்டாயம் வேண்டும். மணிக்கட்டில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் என்று தாராளமாகப் பூசிக்கொண்டார். "கணக்கில எழுது" என்று ஒரு புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மேடத்தின் முகத்தில் அன்றுதான் பல வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

கிம்முக்கு முதலில் மாதிரித் துணியைச் சுற்றி அளவு பார்க்க ஆரம்பித்தோம். மத்தியான வெயில், மாடியில் காற்று இல்லை. நான் கிம்மின் காலடியில் முட்டி போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ அடிபிடித்த சோற்றுப்பானை வாசம் வந்தது. கீழ் வீட்டு அடுப்பு என்று நினைத்தேன். பிறகு அது புளித்தது. ஊறவைத்து மறந்துபோன துணி வாளிமாதிரி ஆனது. நான் தலை நிமிர்ந்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நானா தன் காதுப் பஞ்சை எடுத்துப் பார்த்தார், அது அல்ல.

பீபிக் கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"பூசோக்" என்றார். நாறுகிறது என்பதற்கு மலாயில் அதைவிடத் தெளிவான சொல் கிடையாது.

படியில் நின்ற அடுத்தாள் இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டார்.

பீபிக் மாடிக் குழாயில் கழுத்தைக் கழுவினார். கழுவக் கழுவ அது அதிகமானது. "இன்னிக்குப் பெரியவங்க வீட்டுக்குப் போகணும்லா. நான் எப்படிப் போறது, சட்டி கழுவுறவ மாதிரி? நீ துணி தைக்கிறவ, துணி தை. சாட்டினை எடுக்க ஆள் அனுப்புறேன். வேற கடையில குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்தாள் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார். பிறகு மேலே வந்து, மேடத்தைப் பார்க்காமல் மெஷின்களைப் பார்த்து, "தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கும்மா. சும்மா ஞாபகப்படுத்திட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

அன்று வீட்டில் தங்கச்சிகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஏதோ ஆங்கிலப் பாட்டு மனப்பாடம் செய்தாள். எத்தனை நாளைக்கு இந்தச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

4. கைக்குட்டை

சாட்டினை எடுக்க பீபிக் ஆள் அனுப்பவில்லை. தானே வந்தார், கிம்மையும் கூட்டிக்கொண்டு. துணியை எண்ணி வாங்கிக்கொண்டு போக வந்த முகம் அது. வந்ததும் ஒரு கைக்குட்டையை வெட்டுமேசை மேல் எறிந்தார்.

"இது பாரு. ஆமா ரெண்டு தடவை துவைச்சுட்டா. இன்னும் போகல. இது செண்டா, சாயமா?"

ஆமா என்றால் வீட்டு வேலைக்காரச் சீனத்தி. கைக்குட்டையை எடுத்தவர் மாணிக்கம் அண்ணன். கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மோந்தார். திரும்பவும் மோந்தார்.

"மேடம், இது நாறலையே. இது நம்ம பலகை வாசமில்ல?"

கைக்குட்டை மேடத்திடம் போனது, என்னிடம் வந்தது. உண்மைதான். ஈரத் துணியில் சூட்டுப் பெட்டி வைத்த அதே வாசம், சுத்தமாக இருந்தது. பீபிக் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, மோப்பம் பிடித்து, நம்பாமல் இன்னொருதரம் பிடித்தார்.

"அப்புறம் என் கழுத்தில ஏன் அப்படி?"

பீபிக் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தரும் உடம்புல பூசிப் பாக்கலையா?"

மேடம் மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். வாரக்கணக்கில் அத்தனை மூக்கு மோந்திருக்கிறது, எல்லாம் துணியில். நானா மோந்தது பஞ்சில். துணியும் பஞ்சும் ஒரே சாதி. உடம்பில் எண்ணெய் ஆகாது என்பது எங்களுக்கு அவ்வளவு ஊறிப் போயிருந்ததால், செண்டு என்பது உடம்பில் பூசுகிற சாமான் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. தையல்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

"பாக்கலை பீபிக்" என்றார் மேடம். மறைக்கவில்லை, குழையவும் இல்லை. "எங்களுக்குத் தெரிஞ்சது துணி. இது தோலுக்கு ஆகாது, துணிக்குத்தான் ஆகும்னு இப்பத் தெரிஞ்சுது. கிம் கவுன்ல இதை வச்சுத் தைக்கிறேன்."

"என்னா?" என்றார் பீபிக்.

"கழுத்துல இல்ல, கால்ல. கீழ் மடிப்புக்குள்ள. நடக்கும்போது மட்டும் வரும். பிடிக்கலைன்னா தையல் கூலி ஒரு காசு வேண்டாம். சாட்டின் விலையும் நான் தர்றேன்."

"இந்த சாட்டின் என்னா விலை, தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

பீபிக் துணியைக் கட்டச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிம் அந்தக் கைக்குட்டையை எடுத்து மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டது. அதுவரை அந்தப் பெண் எங்கள் கடையில் பேசி நான் கேட்டதில்லை.

"மாக், எனக்கு வேணும். கல்யாணம் எனக்குத்தானே" என்று அம்மாவிடம் சொன்னது.

5. பயந்த கை

இனி தொழில் விஷயம். கல்யாணக் கவுனுக்குப் பின்னால் தரையில் இழுபடுகிற நீளமான பகுதியை ட்ரெயின் என்போம். அது காற்றில் தூக்காமல், சுருளாமல் படிந்து வருவதற்காக மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளைத் துணிப்பையில் போட்டுத் தைப்போம். மேடத்தின் யோசனை, அந்த ஈயக்குண்டுப் பைகளோடு அத்தர்ப் பஞ்சையும் வைப்பது. பீபிக்கிடம் வாய் விட்டுச் சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அத்தர் என்பது எண்ணெய். சாட்டினில் எண்ணெய் ஒரு புள்ளி இறங்கினால் துணி முடிந்தது. மடிப்பு முழுவதும் கைத்தையல். கைத்தையல் என்றால் நான்.

முதலில் வெறும் பஞ்சை வைத்துத் தைத்தேன். மறுநாளே பட்டுத் துண்டில் கண்ணாடிமாதிரி எண்ணெய் தெரிந்தது. நானா வந்து, பஞ்சைத் தொட்டவுடன் வைக்கக் கூடாது, மை ஒற்றுகிற தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி, தாளில் அடையாளம் விழாமல் போகும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தும் வெயில் வேளையில் லேசாகக் கசிந்தது. பிறகு மேடம் தேன்மெழுகு தேய்த்த மல்துணியைக் கொடுத்தார். சாட்டின் பக்கம் மெழுகுத் துணி, உள்பாவாடைப் பக்கம் திறந்த துணி. வாசம் ஒரு பக்கமாகத்தான் வரும். எண்ணெய் எந்தப் பக்கமும் வராது. துண்டுகளைப் பலகையில் குத்தி, இந்தமுறை ஜன்னல் வெயிலிலும் வைத்துப் பார்த்தோம். நிழலில் வைத்த துணியை மட்டும் பார்த்து ஒருமுறை பட்டது போதும்.

கறை இல்லை. ஆனாலும் அசல் சாட்டின் மேசைக்கு வந்த அன்று என்னால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை.

"மேடம், ஒரு சொட்டு இறங்கிட்டா?"

"இறங்காம தை."

"இறங்கிட்டா?"

மேடம் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தோணி, உன் பயம் போற வரைக்கும் காத்திருந்தா தைப்பூசம் வந்துரும். போகலைன்னா போகுது. பயந்துக்கிட்டே தை. பயப்படாதவ தூரத் தூரத் தைப்பா. பயந்த கைதான் நெருக்கமாத் தைக்கும்."

தைத்தேன். ஒவ்வொரு பைக்கும் ஒரு பிரார்த்தனை சொன்னேன். பக்கத்து மேசையிலிருந்து மாணிக்கம் அண்ணன், "கவுனு தைக்கிறியா, ஜெபமாலை உருட்டுறியாம்மா?" என்றார். நான் அடுத்த பையை எடுத்தேன்.

6. கெட்டில்

மணப்பெண்ணுக்கு உடுத்திவிடப் போவது கைத்தையல்காரியின் வேலை. மேடம் வருவதில்லை. கல்யாணத்தன்று காலை ரிக்ஷா பிடித்து நார்த்தம் ரோட்டுப் பங்களாவுக்குப் போனேன். கவுனை முந்தின நாளே பெட்டியில் வைத்து அனுப்பியாகிவிட்டது. அந்தப் பெட்டி மேல் யாரோ சீர்த் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

மாடி அறைக்குள் நுழைந்தேன். கிம் உள்பாவாடையோடு நின்றுகொண்டிருந்தது. கவுனைக் கட்டிலில் பரப்பியிருந்தார்கள். ட்ரெயினின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு விழுந்திருந்தது. வீட்டு ஆமா கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டே கொண்டுவந்து, சரியாகக் கீழ்க் கரையிலிருந்து ஆரம்பிக்கக் குனிந்தாள்.

கரைக்குள் மெழுகு இருந்தது. சூடு பட்டால் மெழுகு உருகும், பின்னாலேயே எண்ணெய் வரும்.

நான் எப்படி அந்த அறையைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. "ஜாங்ஙான், ஜாங்ஙான்" என்று கத்திக்கொண்டே கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் கையைக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்பதற்கு எனக்கு அவசரத்தில் வந்த மலாய் அதுதான். என் முழங்கைக்குக் கீழே பெட்டி உரசியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆமா சீனத்தில் என்னை என்னவெல்லாமோ சொன்னாள். மடிப்பைக் காட்டினாள், கீழே கார் நிற்பதைக் காட்டினாள், என் தலையையும் காட்டினாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. கசங்கின கவுனோடு பெண்ணை இறக்கினால் அவளுக்குத்தான் திட்டு விழும்.

இஸ்திரி போடக் கூடாது. மடிப்பும் இருக்கக் கூடாது. என் மனசு கடை, மெஷின், தங்கச்சிகள் என்று ஒரு சுற்று ஓடி வந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, "கெட்டில் கொண்டா, தண்ணி கொதிக்கணும்" என்றேன்.

கெட்டில் வந்தது, இஸ்திரிப் பெட்டி வராந்தாவுக்குப் போனது. ஆவி படலாம், துளி படக்கூடாது. சாட்டினில் துளி பட்டால் வளையமாக நிற்கும். கெட்டில் மூக்கில் மல்துணியைச் சுற்றினேன். கிம்மைக் கவுனின் மறு ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். மணப்பெண்ணே பிடித்தது. மெழுகு இருக்கும் கரையை விட்டு ஒரு முழம் தள்ளி, நடுவில் மட்டும் ஆவி காட்டினேன். ஈயக்குண்டுகளின் பாரத்தில் துணி தானாகக் கீழே இழுத்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஆமா திட்டுவதை நிறுத்திவிட்டு, கெட்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் வாசம் எழுந்தது. ஆவியின் இளஞ்சூடு கரைவரைக்கும் போயிருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்ததும், சேக்காதி நானா செய்த அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வந்து அறை முழுக்க நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு பீபிக் வந்தார். வைரப் பதக்க ஊசியான கெரோசாங் குத்திய கெபாயாச் சட்டை, தலை நிறையக் கொண்டை ஊசி. வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார்.

"யார் இஸ்திரி போட்டது? போடாதேன்னு மேடம் சொல்லி அனுப்பினாங்கல்ல?"

"யாரும் போடல பீபிக்" என்றேன். இஸ்திரிப் பெட்டி வராந்தாவில் இருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.

பீபிக் பெட்டியைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார். பிறகு அத்தனை நகையோடும் தரையில் மெதுவாக முட்டி போட்டு, ட்ரெயின் கரையைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். கறை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு என் கழுத்தில நாறினது இதா?"

"இதேதான் பீபிக்."

பீபிக் கரையை மெதுவாகக் கீழே விட்டார். "சரிலா. கைய நீட்டு, என்னைத் தூக்கிவிடு" என்றார்.

கிம் மாடிப்படி இறங்கியபோது நான் மேலே நின்று பார்த்தேன். மணப்பெண் வந்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அன்று பெண் கடந்து போன பிறகு வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

7. பாக்கி

அந்த வாரமே துணிக்குள் வைத்துத் தைக்கிற வாசம் இருக்கிறதாமே என்று கேட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மேடம் மிச்சமிருந்த புட்டிகளில், துணிக்கு மட்டும் என்று மூன்று மொழியில் சீட்டு ஒட்டினார். தைப்பூச ரதம் புறப்படுவதற்கு முந்தின நாள் கிட்டங்கி அடுத்தாள் வந்தார். முந்நூறையும் வட்டியையும் எண்ணி வாங்கி, கடன் நோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. வேட்டி முனையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்தக் கிடங்கு வாசம்... அதை அங்கவஸ்திரத்துல வைக்க முடியுமா?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்க நாள் முழுக்கக் கிடங்குலதானே இருக்கீங்க?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"லீவுல ஊருக்குப் போறப்ப வேணும்" என்றார் அவர். வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

என் தங்கச்சிகள் இரண்டு பேரும் படிப்பை முடித்தார்கள். சின்னவள் பிறகு அதே கான்வென்டில் டீச்சரானாள்.

தையலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். எது எங்கே பட வேண்டுமோ, அங்கே வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வசதியான இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, பயம் போகட்டும், அப்புறம் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். எனக்கு இன்றுவரை போகவில்லை. இதை எழுதும்போதும் எங்கே தப்பு விட்டேனோ என்றுதான் இருக்கிறது. இருந்தும் எழுதி முடித்துவிட்டேன்.

பீபிக் கல்யாணக் கூலி முழுவதையும் அனுப்பினார். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்று கணக்கில் எழுதச் சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போன புட்டியின் விலை. "என் கழுத்தை நாற வச்சதுக்கு நான் காசு குடுக்கணுமா?" என்றார். மேடமும் விடவில்லை. அவருடைய ஒவ்வொரு பில்லின் அடியிலும், எத்தனை வருஷமானாலும், முன்பாக்கி என்று அதை எழுதுவார். பீபிக் ஒவ்வொரு தடவையும் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பீபிக் காலமான பிறகு கிம் கடைக்கு வந்தது. அம்மாவின் கெபாயா அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது என்று அந்தப் புட்டியை என் கையில் கொடுத்தது. அடிவரைக்கும் காலி. அலமாரித் துணி முழுக்க இஸ்திரி வாசம் என்றது.

மேடமும் இப்போது இல்லை. புட்டி என்னிடம் இருக்கிறது. பாக்கி இன்னும் வரவில்லை: மூன்று வெள்ளி ஐம்பது காசு.